கதிரேசனுக்கு ஒரு பொட்டலம்

மெட்ரோ நிலையத்துப் படிகளில் தாவி இறங்கிய இன்ஸ்பெக்டர் புஷ்பலதா, தூணருகே நின்ற தனபாலை அப்படியே சுவரோடு அழுத்தினாள். பையைப் பிடுங்கிக் கவிழ்த்தாள். விழுந்தவை இரண்டு புளியோதரைப் பொட்டலங்கள்.

"குண்டு எங்கடா?"

"என்கிட்ட இல்ல மேடம். கதிரேசன் கொண்டு வரேன்னான். தினம் போன்ல வேணாம்டான்னு கெஞ்சினேன், கேக்கல. முதல் தடவையா நேர்ல பார்த்து, ஒரு வாய் சாப்பிட வச்சு, கால்ல விழுந்தாவது கூட்டிட்டுப் போயிடலாம்னு வந்தேன்."

"போலீஸ்ல சொல்ல வேண்டியதுதானே?"

"எங்கம்மா போனதுலேருந்து என்கூடப் பேசற ஒரே ஆளு அவன்தான். எப்படிக் காட்டிக் கொடுப்பேன்?" தனபாலின் கண் படிக்கட்டை விட்டு அகலவில்லை. "அவன் வந்தா சுட்டுடாதீங்க மேடம். முரடன், ஆனா நல்லவன்."

விலங்கை எடுத்தவளின் கைப்பேசி அதிர்ந்தது. இந்தக் கைதுக்கு அவளை விரட்டிய தலைமையகத்திலிருந்து செய்தி.

'தனபால் நான் அழைத்த இடத்துக்கு வந்துவிட்டான். சதிக்கு உடன்பட்டது உறுதி. கைது செய்க.'

கீழே அனுப்பியவர் பெயர் இருந்தது.

'கதிரேசன். காவல்துறை உரையாடல் இயந்திரம், எண் 14.'