பாக்கெட்டுக்குள் இருந்த கைகள்

சட்டத்துக்குள் இருந்த அந்த ஓவியத்தை எமல்டா முப்பது வருடங்களுக்கு முன் வரைந்தாள். நெட்டையான ஒரு பெண், இரண்டு கைகளும் சுடிதார் பாக்கெட்டுக்குள். அதைப் பார்த்துத் தைத்த உடைதான் அவளைப் பெரிய டிசைனராக்கியது. அதன்பின் அவள் வடிவமைத்த எல்லாவற்றிலும் பாக்கெட் கேட்டார்கள். இப்போது அவளுக்கென்றே ஒரு கண்காட்சி. அதை அமைத்த தாரிணி, ‘பெண் விடுதலையின் முதல் பாக்கெட்’ என்று எழுதிய அட்டையை ஓவியத்தின் கீழே ஒட்டப்போனாள்.

“அதெல்லாம் ஒரு மண்ணும் இல்லம்மா. எனக்குக் கை வரைய வராது. விரல் சொதப்பிடும். அதான் பாக்கெட்டுக்குள்ள விட்டு மறைச்சேன்.”

“எவ்ளோ தன்னடக்கம் மேடம் உங்களுக்கு!”

முப்பது வருடங்களாக இதே பதில். எமல்டாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அட்டையைப் பிடுங்கி, அதன் பின்பக்கத்தில் தன் இடது கையைப் பார்த்துப் பார்த்து வரைந்தாள். விரல்கள் இஞ்சிக் கிழங்கு மாதிரி புடைத்து, ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு வந்தன.

“பாத்தியா? இப்பவாவது நம்புறியா?”

தாரிணி அட்டையை இரண்டு கைகளாலும் வாங்கி, வெகுநேரம் பார்த்தாள். அவள் கண்கள் கலங்கியிருந்தன.

“அடுத்த கலெக்‌ஷன் கிளவுஸா மேடம்?”

எமல்டா இறுக மூடிய கைகளைப் பாக்கெட்டுக்குள் திணித்துக்கொண்டாள்.