தரையைத் தேடும் கால்

முன் சக்கரம் பாறை மேல் ஏறிவிட்டது. பின் சக்கரம் இன்னும் கீழேயே இருந்தது.

வண்டி நகரவில்லை. நானும் நகரவில்லை. கிளட்சை ஒரு விரலால் பிடித்திருந்தேன்.

இந்த வண்டிக்கு சீட் கிடையாது. நின்றபடிதான் ஓட்ட வேண்டும். ஆள் நடக்கிற வேகத்தைவிட மெதுவாக, கல், மரக்கட்டை, மேடு எல்லாவற்றின் மேலும் ஏறி இறங்க வேண்டும். கால் தரையில் பட்டால் ஒரு மார்க். இந்த விளையாட்டில் மார்க் வாங்காதவன்தான் கெட்டிக்காரன்.

"ஆறு நாள் நின்னுதான் வேலை பார்க்குறீங்க. ஏழாம் நாளும் உட்கார இடமில்லாத வண்டிதான் கிடைச்சுதா?" என்று முதல் வாரமே என் மனைவி கேட்டாள்.

அவள்தான் இப்போது பாதையின் முடிவில் நின்று என் காலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மூடிப்போன கல்குவாரி அது. புதிதாகப் பழகுகிறவர்களுக்கென்று ரிப்பன் கட்டிப் பாதை விட்டிருந்தார்கள். நடத்துகிறவர் மெக்கானிக் அண்ணன். சம்பள ஆள் வைக்க அவருக்கு வசதியில்லை. அதனால் வண்டி ஓட்ட வருகிற ஒவ்வொருவரும் மார்க் போட வீட்டிலிருந்து ஓர் ஆளைக் கூட்டி வர வேண்டும் என்று வைத்திருந்தார். என் வீட்டிலிருந்து வேறு யார் வருவார்கள்?

சலவைக் கடையில் இஸ்திரி போடுகிறவள் அவள். ஒரு சுருக்கத்தை விட மாட்டாள். போன வாரம் என் செருப்பு நுனி கல்லில் உரசியது. அதற்கும் ஒரு விரலைத் தூக்கி மார்க் போட்டுவிட்டாள்.

"தங்கச்சி, உன் வீட்டுக்காரர்தானே. கொஞ்சம் பார்த்துப் போடக் கூடாதா?" என்றார் மெக்கானிக் அண்ணன்.

"வீட்டுக்காரர்ங்கிறதாலதாண்ணே பார்த்துப் போடுறேன்."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன்.

என் வேலை சாரம் கட்டுவது. கட்டடத்துக்கு வெளியே குழாயை நிறுத்தி, பலகை போட்டு, அதன் மேலேயே ஏறி அடுத்த குழாயை நிறுத்துவது. ஒரு நாள் விழுந்தேன். எலும்பு கூடிவிட்டது. கால்தான் பழைய கால் இல்லை. மேலே நின்றால் ஒரு கால் தானாகத் தரையைத் தேடும். அங்கே தரை இருக்காது.

அதற்குப் பிறகு எனக்கு வேலை கீழேதான். மேலே நிற்பவனை மேஸ்திரி பேர் சொல்லிக் கூப்பிடுவார். கீழே நிற்பவனுக்கு "ஏய்"தான் பேர்.

கால் தரையைத் தேடுகிற பழக்கத்தை இந்த வண்டி விரட்டிவிடும் என்று சொன்னதும் மெக்கானிக் அண்ணன்தான்.

நான் மறுபடி சாரம் ஏறுவதைப் பற்றி என் மனைவி ஒரே ஒரு பேச்சுதான் பேசினாள். "கால் ஊன்றாம ஒரு தடவை கடைசி வரைக்கும் வாங்க. அப்புறம் எந்த மாடிக்கு வேணும்னாலும் ஏறுங்க. நான் வாயைத் திறக்க மாட்டேன்."

நாளை காலை பெரிய கட்டடம் ஒன்றில் வேலை தொடங்குகிறது. மேலே ஓர் ஆள் குறைகிறது, வருகிறாயா என்று மேஸ்திரி கேட்டிருந்தார். இன்றைக்குள் பதில் சொல்ல வேண்டும்.

வண்டி இடப்பக்கம் சாய்ந்தது.

இடது குதிகால் மெல்லக் கிளம்பியது. எனக்கு அது நன்றாகத் தெரியும். சாரத்திலிருந்து விழுந்த அன்றைக்கும் இப்படித்தான் கிளம்பியது.

கீழே பார்க்காதே, போகிற இடத்தைப் பார் என்பார் மெக்கானிக் அண்ணன். நிமிர்ந்து பார்த்தேன். போகிற இடத்தில் அவள் நின்றாள்.

குதிகாலை அழுத்தினேன். உடம்பை வலப்பக்கம் தள்ளினேன். கிளட்சை விட்டேன்.

பின் சக்கரம் பாறையைக் கவ்வியது. வண்டி ஒரு துள்ளு துள்ளி மேலே வந்தது. அந்தப் பக்கம் இறங்கியது. சரளையில் ஒரு வளைவு. சக்கரம் வழுக்கியது, நிமிர்ந்தது. பாதை முடிவில் நட்டிருந்த இரண்டு குச்சிகளுக்கு நடுவே வெளியே வந்துவிட்டேன்.

இரண்டு கால்களும் மிதிக்கட்டையை விட்டு விலகவே இல்லை. எங்கேயும் படவில்லை. உரசக்கூட இல்லை.

வண்டியை நிறுத்தி அவளைப் பார்த்தேன்.

அவள் ஒரு விரலைத் தூக்கியிருந்தாள்.

என் காலை அவள் பார்க்கவில்லை. என் முகத்தைப் பார்த்தபடி அந்த விரலைப் பிடித்துக்கொண்டு நின்றாள். விரல் ஆடவில்லை. உதடுதான் ஆடியது.

மார்க்கில் தகராறு என்றால் ஓட்டியவன் கேட்கலாம். கேட்டால் அண்ணன் வந்து தீர்ப்பு சொல்வார். ஒரு வார்த்தை போதும். அவர் என் பக்கம்தான் பேசுவார்.

அவரே மேட்டிலிருந்து இறங்கி வந்துவிட்டார். "எங்க பட்டுச்சு? சுத்தமா வந்த மாதிரிதானே இருந்துச்சு?"

"பாறைகிட்ட," என்றாள் அவள். "வலது கால்."

அதே நேரத்தில் நானும் வாயைத் திறந்துவிட்டேன். "ஆமாண்ணே, இடது கால். லேசாப் பட்டுடுச்சு."

மெக்கானிக் அண்ணன் அவளைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். கையிலிருந்த எண்ணெய்த் துணியால் ஒவ்வொரு விரலாகத் துடைத்தார்.

"ஏதோ ஒரு கால்," என்று சொல்லிவிட்டு, அடுத்த வண்டியை வரச் சொன்னார்.