கற்றை ஓடும் வேளை

பூமிக்கடியில் துகள்முடுக்கி ஓடும்போது மேலே நகரத்தில் எந்த வண்டியும் அசையக்கூடாது. சிறு அதிர்வும் துகள்கற்றையைக் கலைத்துவிடும். தரைக்கு மேலிருந்த கட்டுப்பாட்டு அறையில் செண்பகவல்லி திரையை விட்டுக் கண்ணெடுக்கவில்லை. பல ஆண்டுகளாகத் தேடிய புதிய துகளின் சுவடு அன்றுதான் மெல்லத் தெரியத் தொடங்கியிருந்தது.

கணவன் அருளப்பன் போனில் அழைத்தான். "பாப்பாவுக்கு மூச்சு இழுக்குது வல்லி. ஆம்புலன்ஸ் தெருமுனையிலேயே நிக்குது, விட மாட்டேங்குறாங்க."

"இன்னும் கொஞ்ச நேரந்தாம்மா, பொறுத்துக்க," என்று கெஞ்சினார் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்த தலைமை விஞ்ஞானி.

அவள் கற்றையை நிறுத்தினாள். திரையில் சுவடு அழிந்தது.

"கிளம்பிடுச்சு!" என்று அருளப்பன் கத்தினான்.

அவள் ஓடிப்போய் ஜன்னலைத் திறந்தாள். ஒரு சைரன் அல்ல, நகரத்தின் எல்லாத் திசைகளிலிருந்தும் சைரன்கள் அலறிக்கொண்டு கிளம்பின.