தெருவுக்கு அந்தப் பக்கம் அப்பா

"என்னம்மா இது, மூக்கை வாசல்ல நிறுத்திட்டு முகத்தை வீட்டுக்குள்ள வச்சிருக்கே!"

கேமராவின் திரையை முகத்தோடு ஒட்டிப் பிடித்துக்கொண்டு அப்பா சிரித்தார். கடைக்காரரும் சேர்ந்து சிரித்தார்.

தப்பு என்னுடையதுதான். குட்டை ஜூம் லென்ஸை முழுக்க அகலத்துக்குத் திருப்பிவிட்டு, அப்பாவின் முகத்துக்கு அருகே போய் எடுத்திருந்தேன். அப்படி எடுத்தால் யார் மூக்கும் பூசணிக்காய்தான்.

எழுபது மில்லிமீட்டருக்குத் திருப்பி, கொஞ்சம் பின்னால் நகர்ந்தேன். "அப்பா, இங்க" என்றதும் முகத்தைத் திருப்பி நேராக லென்ஸைப் பார்த்தார். படம் நன்றாகவே வந்தது. ஆனால் அது போட்டோவுக்கு வைத்துக்கொள்ளும் முகம்.

கண்ணாடிப் பெட்டியின் மேல் இரண்டு பழைய லென்ஸ்கள் இருந்தன. ஒன்று சின்ன அறைக்குள்ளும் வேலை செய்யும் இந்தக் குட்டை ஜூம். இன்னொன்று தூரத்தில் இருப்பதைக் கிட்டே காட்டும் எழுபது-இருநூறு, சுரைக்காய் நீளத்துக்கு, வெள்ளையாக. ஒன்றைத்தான் வாங்க முடியும். அடுத்த வாரம் ஒரு நாடகக் குழுவின் நடிகர்களை முகப்படம் எடுக்கப் போகிறேன். எனக்குக் கிடைத்த முதல் வேலை. சொதப்பினால் இரண்டாவது வேலை வராது.

மதியத்தில் அப்பாவுக்குக் கொஞ்சம் இடைவேளை உண்டு. அதில்தான் என்னைக் கூட்டிவந்திருந்தார். விரலில் வண்டிச் சாவியைச் சுழற்றிக்கொண்டே இருந்தார். சாவியில் ஒரு மஞ்சள் பிளாஸ்டிக் வாத்து.

கடைக்குள் நுழையும் முன், "போர்டைப் படி, பாப்போம்" என்றார். எனக்கு ஐந்து வயதில் தொடங்கிய விளையாட்டு அது. நடுவில் மறந்துபோயிருந்தது. இந்த வருஷம் அவர் ஒரு போர்டைக்கூட விட்டுவைக்கவில்லை.

"பெருசைத் தெருவுல வச்சுப் பாருங்க" என்றார் கடைக்காரர். "தள்ளி நின்னா ஆளு கூச்சப்படாது. முகம் தன்னால அவங்க முகமா ஆயிடும்."

அப்பாவோடு தெருவைக் கடந்தேன். என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார், நான் இன்னும் சின்னப் பிள்ளை என்பதுபோல. சாத்தியிருந்த ஒரு நீல ஷட்டர் முன்னால் அவரை நிறுத்தினேன். கடை வாசலில் நிற்பேன், அங்கேயே பாருங்கள் என்று சொல்லிவிட்டுத் திரும்பி வந்தேன்.

கடை வாசலில் ஆளுயர அட்டைப் பெண் ஒருத்தி, கண்ணில் கேமராவை வைத்தபடி நின்றாள். அவள் பக்கத்தில் நின்று பார்த்தபோது அப்பாவின் தலையில் விளக்குக் கம்பம் ஒன்று முளைத்திருந்தது. இடது பக்கமாக, நிறுத்தியிருந்த பைக்குகளைத் தாண்டி நகர்ந்தேன். கம்பம் தலையை விட்டு விலகியது.

இருநூறு வரை திருப்பினேன்.

லென்ஸுக்குள் அப்பா தெருவைத் தாண்டி என்னிடம் வந்துவிட்டார். பின்னால் ஷட்டர் நீலத் தண்ணீராகக் கரைந்தது. ஃபோகஸ் கட்டம் தானாகப் போய் அவர் வலது கண்ணில் உட்கார்ந்தது. ஒவ்வோர் இமைமுடியும் தனித்தனியாகத் தெரிந்தது. இதுதான் என் லென்ஸ் என்று அந்த நொடியே முடிவு செய்துவிட்டேன்.

அப்பா சிரித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்து இல்லை.

கையை ஆட்டினேன். ஒரு பஸ் போய் மறைத்தது. அது போனதும் தலைக்கு மேல் கையைத் தூக்கி ஆட்டினேன்.

அப்பா காலரைச் சரிசெய்தார். தாடையை நிமிர்த்தினார். கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார்.

அட்டைப் பெண்ணுக்கு.

முதலில் எனக்குச் சிரிப்புதான் வந்தது. வழக்கமான கிண்டல், இதோ என் பக்கம் திரும்பிக் கண்ணடிக்கப் போகிறார். வாசலில் நின்று தன் லென்ஸுக்குக் காவல் காத்துக்கொண்டிருந்த கடைக்காரரும், "அப்பா ரொம்ப ஜாலி டைப் போல" என்றார்.

காத்திருந்தேன். அவர் திரும்பவில்லை.

என்னைப் பார்க்கிற அதே பார்வையோடு, அதே பொறுமையோடு, அந்த அட்டையைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு அதனிடம் ஏதோ கேட்டார். வண்டிகளின் இரைச்சலில் குரல் எட்டவில்லை. உதட்டைப் படிக்கும் அளவுக்கு லென்ஸ் துல்லியமாக இருந்தது.

போதுமாம்மா?

கேமரா பட்டனை எப்போது அழுத்தினேன் என்றே எனக்குத் தெரியவில்லை.

தெருவைக் கடந்து அவர் எதிரே போய் நின்று, அப்பா என்றேன். திடுக்கிட்டார். உடனே சிரித்தார். கேமராவை வாங்கி, திரையை மூக்கு இடிக்கும் அளவுக்குப் பக்கத்தில் கொண்டுபோனார்.

"ஆகா! பாரு, எப்படி நேரா உன்னையே பாத்துக்கிட்டு நிக்கிறேன். இதையே வாங்கிடு."

எவ்வளவு நாளா கண்ணு இப்படி அப்பா என்று கேட்க வாயைத் திறந்தேன்.

அதற்குள் பக்கத்துச் சந்துக்கு அவர் நடக்கத் தொடங்கியிருந்தார். பழகிய நடை, தடுமாற்றமே இல்லை. சாவி மறுபடியும் விரலில் சுழன்றது.

"வா வா, ஸ்கூல் மணி அடிச்சிடும். இந்த வாத்தைக் குடுத்துச்சே அந்தக் குட்டி, முன் சீட்டு எனக்குத்தான்னு இப்பவே சண்டை போட ஆரம்பிச்சிருக்கும்."

சந்து முனையில் அவருடைய மஞ்சள் ஸ்கூல் வேன் நின்றது. ஜன்னல் கம்பிக்குள் சின்னச் சின்ன இருக்கைகள். கடைசி வரிசையில் யாரோ மறந்துவிட்டுப் போன தண்ணீர் பாட்டில்.

ஓடிப்போய்ச் சுழன்றுகொண்டிருந்த வாத்தைப் பிடித்தேன்.

விளையாடுகிறேன் என்று நினைத்து, சிரித்துக்கொண்டே அப்பா சாவியை இழுத்தார்.

நான் விடவில்லை.