எல்ட்டனுக்குத் தைத்த போர்வை

பனித்தளத்துக்குப் போகும் நடைவழியில், மடித்த போர்வையை மார்போடு அணைத்தபடி வெர்னா நின்றிருந்தபோதுதான் அந்தப் பெண் வந்தாள்.

ஐஸ் ஹாக்கி அணியின் அலுவலகத்தில் வேலை பார்ப்பவள். சொல்ல வந்ததைச் சொல்லாமல் முதலில் வெர்னாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

எல்ட்டனை இன்று மதியம் வேறு அணிக்குக் கொடுத்துவிட்டார்களாம். பதிலுக்கு இன்னொருவனை வாங்கியிருக்கிறார்களாம். எல்ட்டன் இந்நேரம் விமானத்தில் இருப்பானாம்.

வெர்னா மகனைப் போனில் கூப்பிட்டாள். அவன் போனை அணைத்து வைத்திருந்தான்.

இன்றைய ஆட்டம் பூர்வகுடி மக்களைக் கௌரவிக்கும் ஆட்டம். எங்கள் கிரீ இனத்து ஊர்களிலிருந்து இந்த அணிக்குப் போன முதல் பையன் எல்ட்டன். நடுத்தளத்தில் வைத்து, பெற்றவள் அவன் தோளில் நட்சத்திரப் போர்வையைப் போர்த்துவதாக ஏற்பாடு. ஊரே இரண்டு பஸ்களில் ஏறி, உறைந்த ஏரியின் மேல் போட்ட பாதையில் வந்து, அவன் பெயர் போட்ட சட்டையோடு மேல்வரிசையில் உட்கார்ந்திருந்தது.

“எங்களுக்கும் கஷ்டமாத்தான் இருக்கு. டிவியில நேரம் ஒதுக்கியாச்சு. போர்வையைக் கேப்டனுக்குப் போர்த்திடுறீங்களா, வெர்னா?” என்றாள் அந்தப் பெண்.

முடியாது என்று சொல்ல வாயைத் திறந்தாள். அதற்குள் வெளியே பெரிய முரசு அடிக்க ஆரம்பித்துவிட்டது. அடித்தவர்கள் அவளுடைய சித்தப்பா பையன்கள். முரசோடு பாடும் அந்தப் பாட்டைப் பாதியில் நிறுத்தக்கூடாது.

கம்பளத்தில் நடந்தாள்.

கேப்டன் ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டுக் குனிந்தான். நல்ல பையன்தான். எல்ட்டனோடு ஊருக்கு வந்து அவள் கையால் மூஸ்மான் கறி சாப்பிட்டவன். அவள் முகத்தைப் பார்க்க மாட்டாமல் கீழேயே பார்த்தான். போர்வை எல்ட்டனின் உயரத்தை நினைத்துத் தைத்தது. இவனுக்கு ஓரம் பனியில் புரண்டது.

அரங்கமே எழுந்து கைதட்டியது.

பெரிய திரையில் தன் முகத்தைப் பார்த்தாள். சிரித்துக்கொண்டிருந்தாள்.

மேல்வரிசைக்கு ஏறும் படிகளில் அவளுக்கு ஒரே கவலை. ஊர்க்காரர்களிடம் எப்படிச் சொல்வது? எல்ட்டனுக்கு அடிகிடி பட்டுவிட்டதோ என்று பதறிப்போயிருப்பார்கள். பிள்ளைகள் கன்னத்தில் அவன் எண்ணை எழுதிக்கொண்டு வந்திருக்கிறார்கள். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்று நின்று ஏறினாள்.

யாரும் எதுவும் கேட்கவில்லை.

தங்கை லோரெட்டா நகர்ந்து இடம் கொடுத்தாள். வரிசையில் இருந்த அத்தனை பேரும் கீழே வெறும் தளத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

எல்ட்டன் இங்கே இல்லை என்று வெர்னா தொடங்கியதும், லோரெட்டா அவள் முழங்கால் மேல் கையை வைத்தாள்.

“தெரியும்க்கா. ஏரியைத் தாண்டி சிக்னல் வந்ததுமே எனக்குப் போன் பண்ணிட்டான். உன்கிட்டப் பேச முடியலைன்னு அழுதான். ரெண்டு பஸ்ஸுக்கும் விஷயம் போயிடுச்சு. நீ முன்சீட்டுல உக்காந்து போர்வைக்குக் கடைசி ஓரம் தைச்சுக்கிட்டிருந்தே. பஸ்ஸைத் திருப்பட்டுமான்னு டிரைவர்கூடக் கேட்டாரு. திருப்பினா, ஏன்னு நீ கேப்பியே. சொல்றதுக்கு ஒருத்தருக்கும் வாய் வரலை.”