ஒரு சாண் தூரம்

"உள்ளே போனதும் அழ ஆரம்பிச்சிடாதே தம்பி. கிடைக்கிறதே ரெண்டு நிமிஷம். அதுல பாதி மூக்கைச் சிந்தவே போயிடும்" என்றாள் பின்வரிசையில் இருந்த அக்கா.

தொகுதிச் சட்டமன்ற உறுப்பினர் மக்களைச் சந்திக்கும் நாள். வெளியறையில் நாற்காலி ஒன்றுகூடக் காலியில்லை. அக்கா இந்த விஷயத்தில் கரை கண்டவள். குடிநீர்க் குழாய்க்காக நடையாய் நடந்து சாதித்தவள், இப்போது சாக்கடைக்காக வந்திருக்கிறாள். முன்வரிசையில் இருந்தவனுக்கு இதுதான் முதல் தடவை. பாவம், கைக்குட்டையைப் பிழிந்தால் ஒரு டம்ளர் வியர்வை தேறும்.

அக்கா அவன் பின்னந்தலையைப் பார்த்தாள். "ரெட்டைச் சுழியா? எத்தனை கல்யாணம்?"

"ஒண்ணுதான்க்கா. அவளே நேத்திலேர்ந்து எங்கிட்ட முகம் கொடுத்துப் பேசலை."

"அப்படி என்னாச்சு? எங்கிட்டச் சொல்லிப் பாரு. ஒத்திகையாவும் இருக்கும்."

"பள்ளிக்கூடத் தெருவுல காலையில ஒரு கார் தலைதெறிக்கப் போகுதுக்கா. நேத்து என் பொண்ணு குறுக்கே வந்துட்டா. ஒரு சாண்தான் இருந்துச்சு. தண்ணி பாட்டில் சக்கரத்துல நசுங்கிப் போச்சு. அவ இன்னும் வாயே திறக்கலை."

அக்காவின் கிண்டல் காணாமல் போனது. "அந்த டிரைவரைக் கட்டிவெச்சு உதைச்சிருக்கணும்."

"உதைக்கலாம்தான். ஆனா அவனும் சம்பளத்துக்கு ஓட்டறவன். பின்னாடி இருக்கிறவர் 'சீக்கிரம் போ, சீக்கிரம் போ'ன்னா என்ன பண்ணுவான்?"

"நல்லா இருக்கே. பெத்த பிள்ளையை இடிக்க வந்தவனுக்கே வக்காலத்து வாங்கறியா? உள்ளே இப்படி வழவழன்னு பேசினே, காரியம் கெட்டுது. தெரு, நேரம், வண்டி நம்பர். அப்புறம் ஒண்ணே ஒண்ணு கேளு. பத்து கேட்டா பத்தும் குப்பைக்குத்தான் போகும்."

அவன் உதட்டுக்குள்ளேயே சொல்லிப் பார்த்துக்கொண்டான். தெரு, நேரம், நம்பர், ஒண்ணே ஒண்ணு. நாளைக் காலையிலும் அந்தக் கார் அந்தத் தெருவில்தான் போகும்.

அவன் முறை வந்தது.

உறுப்பினர் நல்ல மாதிரியாகத்தான் இருந்தார். முகத்தை நேராகப் பார்த்துச் சிரித்து, "உட்காருங்க தம்பி, என்ன விஷயம்?" என்றார். அந்தச் சிரிப்பில் அவனுக்குப் பாதி மறந்துபோனது. ஆனாலும் அக்கா சொன்ன வரிசையிலேயே சொல்லி முடித்தான். நம்பரைச் சொல்லும்போது மட்டும் குரல் உள்ளே போய்விட்டது.

உறுப்பினர் காதில் விழுந்ததை மட்டும் குறித்துக்கொண்டார். அவர் முகம் சிவந்திருந்தது.

"எனக்கும் அந்த வயசுல பேத்தி இருக்கா தம்பி. கேக்கவே பதறுது. இந்த மாதிரி ஆளையெல்லாம் சும்மா விடக்கூடாது. டிரைவர் யாருன்னு தெரியுமா?"

"தெரியுங்க ஐயா."

"பேரைச் சொல்லுங்க. இன்னிக்கே வேலையை விட்டுத் தூக்கச் சொல்றேன்."

அவன் எழுந்தான். வாசலுக்குத்தான் போகப் போகிறான் என்று உறுப்பினர் நினைத்தார். ஆனால் அவன் போகவில்லை. நாற்காலியை மெல்லத் திருப்பிப் போட்டு, அவருக்கு முதுகைக் காட்டியபடி அதிலேயே மறுபடி உட்கார்ந்தான். இரண்டு கைகளும் தாமாகவே மேலெழுந்து, இல்லாத எதையோ வட்டமாகப் பிடித்துக்கொண்டன.

"ஒண்ணே ஒண்ணுதான் கேக்கறேன் ஐயா" என்றான் சுவரைப் பார்த்து. "நாளையிலேர்ந்து பத்து நிமிஷம் முன்னாடியே வண்டியில ஏறிடுங்க."

முகத்தை அவ்வளவு நேரம் பார்த்தும் தெரியாத ஆளை, தினமும் பின் இருக்கையிலிருந்து பார்க்கும் அந்த இரட்டைச் சுழியை வைத்து உறுப்பினர் உடனே அடையாளம் கண்டுகொண்டார்.