கழுத்து அட்டை

மாடிப்படி இறங்கும்போதுதான் கவனித்தான். மனைவியின் கழுத்தில் அட்டை இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது.

மாய். வியட்நாம். பூ வியாபாரம்.

அதைக் கழற்றிவிடு அரசி என்றான், வண்டிச் சாவியைத் தேடிக்கொண்டே.

அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

பயிற்சி மையத்தில் அது ஒரு வழக்கம். ஆங்கிலமே தெரியாத வெளிநாட்டுக்காரர்களுக்கு ஆங்கிலம் சொல்லித்தரப் பழக்கும் மையம் அது. பழகுவதற்கு வெளிநாட்டுக்காரர்களுக்கு எங்கே போவது? ஒருவர் ஆசிரியராக நிற்பார், மற்றவர்கள் மாணவர்களாக உட்காருவார்கள். உட்காருகிறவர் கழுத்தில் ஓர் அட்டையை மாட்டுவார்கள். வேறு பெயர், வேறு ஊர், வேறு தொழில்.

அட்டை கழுத்தில் இருக்கும்வரை அவருக்கு ஆங்கிலம் தெரியாது. தமிழும் தெரியாது.

பாடம் முடிந்ததும், நடத்தியவரே ஒவ்வொரு அட்டையாகக் கழற்ற வேண்டும். முகத்தைப் பார்த்துச் சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட வேண்டும். அதற்குப் பிறகுதான் வகுப்பு முடிந்ததாகக் கணக்கு.

பிலோமினா மேடம் இதில் ரொம்பக் கறார். சாமி மலையேறாமல் யாரையும் வீட்டுக்கு அனுப்பாதீர்கள் என்று கிண்டலாகச் சொல்வார்.

இன்று அவனுடைய முறை. மேசை, நாற்காலி, குடை என்று ஒவ்வொன்றாகத் தூக்கிக் காட்டி, வாட் இஸ் திஸ் என்று கேட்டுக் கேட்டு நடத்தினான். வாய் தவறிக்கூட ஒரு தமிழ்ச் சொல் வரவில்லை. மேடமே எழுந்து வந்து கை கொடுத்தார். பாஸ் என்றார்.

தலைகால் புரியாத சந்தோஷம். அதே வேகத்தில் எல்லோருடைய அட்டையையும் கழற்றினான், பெயர் சொன்னான், கைதட்டல் வாங்கினான்.

மனைவியுடையதை மட்டும் விட்டுவிட்டான்.

நம்ம ஆள்தானே.

மேலமாசி வீதி வெயிலில் கிடந்தது. அவள் நடைபாதையில் நின்று எல்லாவற்றையும் பார்த்தாள். கடைப் பலகைகளை, ஆட்டோக்களை, மாட்டை. பிறந்ததிலிருந்து பார்த்த தெரு. இப்போதுதான் வந்து இறங்கியவள்போல வாய் லேசாகத் திறந்திருந்தது.

நடித்தது போதும் என்றான்.

அவள் அவன் உதடுகளை உற்றுப் பார்த்தாள். புரியாதவர்கள் சிரிக்கும் சிரிப்பைச் சிரித்தாள்.

பிறகு பூக்கடைக்குப் போனாள்.

தினமும் இவளுக்கு மல்லிகை தருகிற பூக்காரம்மாதான். ஒரு முழம் தரவா என்று கேட்டார். அவள் குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள். ஈர நாரை உருவினாள். மொட்டுகளை அள்ளிக் கட்டத் தொடங்கினாள்.

அரசிக்குப் பூக் கட்டத் தெரியாது. கல்யாணமான புதிதில் அவன் அம்மா அதையே சொல்லிக் காட்டிக்கொண்டிருப்பார்.

விரல்கள் கண்ணுக்குச் சிக்காமல் ஓடின. சரம் வளர்ந்தது.

பூக்காரம்மா அதை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். முடிச்சைத் தடவினார்.

"இது எந்த ஊருக் கட்டு தாயி?"

அவனுக்குப் பயம் வந்தது.

அவன் போக நினைத்த வியட்நாம் பள்ளிக்கூடம் தம்பதியாகத்தான் வேலைக்கு எடுக்கும். அதனால் அவளையும் மையத்தில் சேர்த்துவிட்டான். அவளுக்கு இந்த ஊரை விட்டுப் போக இஷ்டமில்லை. வகுப்பின் முதல் நாள் காலை, சேலை மடிப்பைச் சரிசெய்துகொண்டே கேட்டாள். சண்டை போடுகிற குரலில்கூட இல்லை.

"அங்க வந்தா நான் யாரா இருப்பேன்?"

யாராக வேண்டுமானாலும் இரு, கிளம்பினால் போதும் என்று அவன் சொல்லியிருந்தான்.

அவளைக் கைபிடித்து எழுப்பினான். இரண்டு கையாலும் அட்டையைக் கழற்றினான். முறைப்படி முகத்தைப் பார்த்தான்.

அரசி.

கண்ணில் ஒன்றும் அசையவில்லை.

முழுப் பெயரையும் சொன்னான். மங்கையர்க்கரசி. தெருவே திரும்பிப் பார்க்கும்படி சொன்னான்.

அவள் பதறிப்போய்க் கழுத்தைத் தடவினாள். அட்டையைத் தேடினாள். அட்டை இருந்த இடத்தில் கையில் தாலிதான் சிக்கியது. வெளியே எடுத்தாள். அப்படியும் இப்படியும் திருப்பினாள். நாள் முழுக்கப் பாடம் கேட்ட நல்ல மாணவியாக, அதைத் தூக்கி அவனுக்குக் காட்டினாள்.

"வாட் இஸ் திஸ், டீச்சர்?"

உச்சரிப்பில் ஒரு பிசகு இல்லை. அவன் சொல்லிக்கொடுத்த அதே ராகம்.

மேசைக்குச் சொல் இருந்தது. குடைக்கு இருந்தது.

பதில் வராததில் அவள் கண் நிறைந்தது. உதடு நடுங்கியது. கூட்டத்தில் கைவிடப்பட்ட பிள்ளையின் முகம். அவளை இப்படி அவன் பார்த்ததே இல்லை. பார்க்கவும் தாங்கவில்லை.

அட்டையை மறுபடி அவள் கழுத்தில் மாட்டினான்.

உடனே அழுகை நின்றது. சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு பூக்கூடையின் பக்கத்தில் போய் உட்கார்ந்துவிட்டாள்.

அவளுடைய கைப்பையில் போன் அடித்தது. அவள் திரும்பவில்லை. அவன்தான் எடுத்தான். மாமியார்.

சாயங்காலம் இங்கேதானே சாப்பாடு என்று கேட்டார். மொச்சைக் குழம்பு, அவளுக்குப் பிடிக்கும் என்றார். பரீட்சை என்ன ஆயிற்று என்றார். பாஸ் என்றான். சந்தோஷம் மாப்ள என்றார். பிறகு, அரசியிடம் கொடுங்கள் என்றார்.

அவன் அவளைப் பார்த்தான். அவள் மடியில் சரம் சுருண்டு கிடந்தது. பூக்காரம்மாவின் சரத்தைவிட நெருக்கமாக, அழகாக.

"இன்னும் கிளாஸ் முடியலை அத்தை" என்றான்.